உதட்டோடு நின்றுவிடும் கண்

(கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பெற்றோர்கள் கூடியிருந்த அவையில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உதடு பிளந்த குழந்தை பிறந்தால் பிரசவ அறையில் என்ன நடக்கும் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற செவிலியர்களுக்குத் தெரியும். ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு முன்பே எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அம்மாவிடம் உடனே காட்டுவதா, கொஞ்சம் பொறுத்துக் காட்டுவதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். வெளியே நிற்கிற அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது என்று தயங்குவோம். அந்த நேரத்தில் யாராலும் குழந்தையின் வாயிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. நான் இன்றைக்குப் பேச வந்தது அதைப் பற்றித்தான். உதட்டைப் பார்த்த கண் உதட்டோடு நின்றுவிடுகிறது, நெஞ்சுக்கு இறங்குவதில்லை. பல நாள், சில சமயம் பல மாதம், அப்படியே நின்றுவிடுகிறது. இதனால் பிள்ளைகளை இழக்கிறோம்.

உலக அளவில் ஏறக்குறைய 700 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை உதட்டுப் பிளவோடோ அண்ணப் பிளவோடோ பிறக்கிறது. முகத்தில் வரும் பிறவிக் குறைகளில் இதைவிட அதிகம் காணப்படுவது வேறில்லை. நல்ல செய்தி என்னவென்றால், இதைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை நம் நாட்டில் மிக நன்றாக வளர்ந்திருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கும் பணம் இல்லாமல் கிடைக்கிறது. 'ஸ்மைல் பிங்கி' என்ற ஆவணப்படம் 2009இல் ஆஸ்கர் விருது வாங்கியபோது, உத்தரப்பிரதேசக் கிராமத்துச் சிறுமி ஒருத்தியின் உதட்டைத் தைத்த கதையை உலகமே பார்த்தது. அறுவைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். நானும் கண் கலங்கிப் பார்த்தவள்தான். ஆனால் அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது படத்தில் வராது. தையல் போடுவதற்கு முன்னால் அந்தக் குழந்தையை உச்சி முதல் பாதம் வரை ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு மாதம் முடிந்த பெண் குழந்தை. உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. பிறந்தபோது 2 கிலோ 700. அன்றைக்கு என்னிடம் வந்தபோது 3 கிலோகூட இல்லை. போன இடத்திலெல்லாம் ஒரே பதில் கிடைத்திருக்கிறது: 'அண்ணம் பிளந்திருக்கு, பால் சரியா இறங்காது, அதான் எடை ஏறலை. ஆபரேஷன் ஆனா சரியாப் போயிடும்.' அம்மா அதை நம்பிவிட்டாள். பாட்டி நம்பவில்லை. குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவது பாட்டிதான். "டாக்டரம்மா, நான் நாலு பெத்து வளத்தவ. சங்குல எத்தனையோ கொழந்தைக்குப் பாலு ஊத்தியிருக்கேன். இது பாலு குடிக்கறப்ப மட்டும் தலை நனைஞ்சு போகுதுங்க. துண்டு வெச்சுத் தொடைக்கறேன்" என்றார்.

"இப்ப ஊத்துங்கம்மா, நான் பாக்கறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தை ஐந்தாறு மடக்கு ஆசையாகக் குடித்தது. பிறகு நிறுத்தியது. மூக்கு விடைத்தது, விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, வெயில் காலமும் இல்லை. மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு எழுபதுக்கு மேல் போயிற்று. வயிற்றில் கை வைத்தால் ஈரல் விலாவுக்குக் கீழே இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ எடுத்தோம். இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவில் பெரிய ஓட்டை. அந்தக் குழந்தை பால் இறங்காமல் மெலியவில்லை. பால் குடிப்பதே அதற்கு மலை ஏறுகிற வேலையாக இருந்தது. உள்ளே போன பாலில் பாதியை இதயமும் மூச்சும் தின்றுவிட்டன.

அந்தக் குடும்பத்துக்குச் சொல்லப்பட்ட காரணம் பொய் இல்லை. அண்ணம் பிளந்த குழந்தைக்குப் பால் குடிப்பது கஷ்டம்தான். வாயை மூடி உறிஞ்சும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகாது, காற்று கசிந்துவிடும். பால் மூக்கு வழியாக வரும், வயிற்றில் காற்று நிறையும். உண்மையான காரணம் ஒன்று கண்முன்னே இருப்பதால்தான் இன்னொரு உண்மையான காரணத்தை யாரும் தேடுவதில்லை. ஆகவே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே, அங்கன்வாடியிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பீய்ச்சிய தாய்ப்பாலைச் சங்கிலோ பாலாடையிலோ மெதுவாகக் கொடுங்கள். நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள். எவ்வளவு பால் உள்ளே போகிறது என்று அளந்து எழுதுங்கள். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி அளவுக்குப் போனால் போதுமானது. பிளவு மட்டும் உள்ள குழந்தை இப்படிக் கொடுத்தால் தேறிவிடும், முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். பால் அளவு சரியாக இருந்தும் எடை ஏறவில்லை என்றால், பிளவைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு இதயத்தைப் பாருங்கள். பால் குடித்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆகிறதா, குடிக்கும்போது வியர்க்கிறதா, கொஞ்சம் குடித்துக் களைத்துத் தூங்கி மறுபடி பசியோடு எழுகிறதா, தூங்கும்போதும் மூச்சு வேகமாக இருக்கிறதா? இதைக் கவனிக்க மருத்துவப் படிப்பு வேண்டாம். அந்தப் பாட்டி கவனித்திருந்தார்.

முகத்தில் குறை இருந்தால் இதயத்தை ஏன் பார்க்கச் சொல்கிறீர்கள், வாய்க்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது. கரு உருவாகி மூன்றாவது வாரத்தின் முடிவில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் இதயத்தின் அறைகளுக்கு நடுவே சுவர்கள் எழும்புகின்றன. அதே வாரங்களில்தான் முகமும் உருவாகிறது. மேலுதட்டின் பகுதிகள் ஆறேழு வாரத்துக்குள் ஒன்று சேர்கின்றன. அண்ணத்தின் இரண்டு தட்டுகளும் நாக்குக்கு மேலே வந்து ஒட்டி முடிய ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் ஆகிறது. காலம் ஒன்று, அதோடு பொருளும் ஒன்று. கருவின் முதுகுப்பக்கம் நரம்புக்குழாய் மூடும் இடத்தில் ஒரு வகை செல்கள் பிறக்கின்றன. நரம்பு முகட்டுச் செல்கள் என்கிறோம். 1868இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் கோழிக் கருவில் இவற்றை முதலில் கண்டு சொன்னார். ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட கொத்தனார் கூட்டம் ஒன்று இரண்டு இடங்களில் வேலைக்குப் பிரிந்து போவதுபோல, இவற்றில் ஒரு பகுதி முகத்துக்குப் போய்த் தாடை, உதடு, அண்ணம் எல்லாவற்றுக்கும் எலும்பும் தசைநாரும் தருகிறது. கழுத்தை ஒட்டிய இன்னொரு பகுதி இதயத்துக்கு இறங்கி, இதயத்திலிருந்து வெளியேறும் ஒற்றைப் பெருங்குழாயை மகாதமனி, நுரையீரல் தமனி என்று இரண்டாகப் பிரிக்கிறது.

இதை மெய்ப்பித்தது அமெரிக்காவைச் சேர்ந்த மார்கரெட் கிர்பி. கோழிக் கருவில் அந்தச் செல்களை, அவை இடம் பெயர்வதற்கு முன்பே, நுணுக்கமாக நீக்கிப் பார்த்தார். வளர்ந்த கருவின் இதயத்தில் அந்தப் பெருங்குழாய் பிரியாமல் ஒற்றையாகவே நின்றது. 1983இல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகுதான், முகக் குறையும் இதயக் குறையும் சேர்ந்து வரும் குழந்தைகளைப் பற்றி எங்களுக்குத் தெளிவு பிறந்தது. கோழி முட்டையில் செய்த சோதனை ஒன்று எத்தனை மருத்துவர்களின் கையைக் குழந்தையின் நெஞ்சுப் பக்கம் திருப்பியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்த வாரக் கணக்கை நான் விரிவாகச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே அம்மாக்கள் வந்திருக்கிறீர்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாள், கத்தியை எடுத்தாள், காய் நறுக்கினாள், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்று உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் மாமியாரிடமிருந்து, சிலர் சொந்தக் கணவனிடமிருந்து. உதடு உருவாகி முடியும்போது பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதே அப்போதுதான் உறைத்திருக்கும். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு இருப்பவை வேறு. தாய்க்குக் கருத்தரிக்கும் முன்பே கட்டுப்படாத சர்க்கரை நோய் இருந்தால் இதயக் குறையும் பிளவும் கூடுகின்றன. வலிப்பு மருந்துகளில் வால்புரோயேட், ஃபெனிடாயின், டோபிராமேட் போன்றவை பிளவோடு தொடர்புடையவை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். புகையும் மதுவும் கெடுதல். ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். தண்டுவடக் குறைகளைத் தடுப்பதில் அதன் பயன் ஐயமற நிறுவப்பட்டது. நம் ஊரில் தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட மணத்தில் சில மரபுக் குறைகள் வெளிப்படும் வாய்ப்பு கூடும், ஆகவே உறவுமுறையை எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் கேட்பது குற்றம் சாட்டுவதற்காக இல்லை. பெரும்பாலான குழந்தைகளிடம், எல்லாம் கேட்டு முடித்த பிறகும், இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. அப்படிச் சுட்ட முடியாத இடத்தில் தாயைச் சுட்டுவது பெரும் பாவம்.

சாதாரணமாகப் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கும். பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் இது பல மடங்கு அதிகம். எந்தக் குழந்தைகளைச் சேர்த்து எண்ணினார்கள், எக்கோவை எல்லாருக்கும் எடுத்தார்களா என்பதைப் பொறுத்து, நூற்றுக்கு ஐந்து, ஆறு என்று தொடங்கிப் பதினைந்தைத் தாண்டியும் ஆய்வுகள் சொல்கின்றன. உதடு மட்டும் பிளந்த குழந்தைக்கு ஆபத்து குறைவு. அண்ணம் மட்டும் பிளந்த குழந்தைக்கு அதிகம். இந்த ஒன்றை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் பதற்றம் நேர்மாறாக இருக்கிறது. உதடு பிளந்திருந்தால் ஊரே கூடுகிறது. அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் முகம் அழகாக இருப்பதால் 'ஒண்ணுமில்லை, உள்ளே சின்ன ஓட்டைதான்' என்று அனுப்பிவிடுகிறார்கள். சேர்ந்து வரும் குறைகள் அதிகம் ஒளிந்திருப்பது அந்தக் குழந்தைகளிடம்தான். அண்ணம் மட்டும் பிளந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வேறு ஏதாவது குறையும் இருக்கிறது.

எக்கோ அறிக்கையில் ஓட்டை என்று எழுதியிருந்தாலே உடைந்துபோகவும் வேண்டாம். மேலறைகளுக்கு நடுவே சிறு ஓட்டை, மூட வேண்டிய தமனி ஒன்று இன்னும் மூடாமல் இருப்பது, கீழறைச் சுவரில் ஊசி நுழையும் அளவு துவாரம், இவை முதல் ஓராண்டு, ஈராண்டில் தானாக மூடிக்கொள்வது சகஜம். இவை உதட்டு அறுவைக்குத் தடையும் இல்லை.

பிறந்த அன்றைக்கே குழந்தை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார், சத்தம் ஒன்றும் இல்லை என்றார், இதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார் என்பார்கள் பெற்றோர். அவர் பார்த்தது சரி, எழுதியதும் அன்றைக்குச் சரி. கருவில் நுரையீரல் வேலை செய்வதில்லை. பிறந்த பிறகு சில வாரங்கள் வரை நுரையீரல் குழாய்களில் அழுத்தம் உயர்ந்தே இருக்கும். இதயத்தின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கும்போது ஓட்டை வழியாக ரத்தம் பாயாது, பாயாவிட்டால் சத்தமும் கேட்காது. நான்கு முதல் ஆறு வாரத்தில் நுரையீரல் அழுத்தம் இறங்கும். அப்போதுதான் ரத்தம் பெருவெள்ளமாக நுரையீரலுக்குப் பாயும், சத்தம் கேட்கும், மூச்சு வாங்கும், எடை நிற்கும். ஆகவே பிளவுக் குழந்தையின் இதயத்தைப் பிறந்தவுடன் ஒருமுறை பார்த்தால் போதாது. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது சட்டையைக் கழற்றி மறுபடி பார்க்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கொரோனாவுக்குப் பிறகு எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. பிறந்து 24 மணி நேரம் கழித்துக் குழந்தைக்கென்று உள்ள உணரியை வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்க்கிற பரிசோதனை சில நிமிட வேலை. 95க்குக் குறைந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ விடக் கூடாது. ஆனால் அளவு 98 காட்டுகிறது என்று நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. நான் சொன்ன பெண் குழந்தைக்கும் 97 காட்டியது. ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாயாத இதயக் குறைகளை இந்தக் கருவி பிடிக்காது. நீலத்தைத் தேடும்போது உதட்டையும் நகத்தையும் நம்பாதீர்கள். நம் நிறத்துக்கு அவை ஏமாற்றும், குளிரிலும் நீலம் தட்டும். நாக்கையும் ஈறையும் பாருங்கள்.

எல்லாப் பிளவுக் குழந்தைக்கும் எக்கோ எடுக்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. கவனமாகச் சோதித்து, சந்தேகம் இருந்தால் மட்டும் எடுத்தால் போதும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கவனமாகச் சோதிக்கிற குழந்தை மருத்துவர் மாதாமாதம் பார்க்கிற இடத்தில் அது சரி. நம் கிராமத்துக் குழந்தை அறுவை முகாமுக்கு வந்த அன்று ஒருமுறைதான் கண்ணில் படுகிறது, அன்றைக்கே அழுதுகொண்டும் சளியோடும் இருக்கிறது. அந்த அழுகையில் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்பது எளிதில்லை. ஆகவே முதல் மயக்க மருந்துக்கு முன் எல்லாருக்கும் ஒரு எக்கோ என்பது என் உறுதியான கருத்து. எல்லாருக்கும் முடியாது என்றால், அண்ணம் பிளந்தவர்களுக்கும் வேறு ஏதாவது ஒரு குறை தெரிகிறவர்களுக்கும் கட்டாயம்.

இனி ஒரு குறிப்பிட்ட குறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். 1955இல் பிராகா நகரில் பேச்சுக் கோளாறு மருத்துவராக இருந்த ஏவா செட்லாச்கோவா, அண்ணம் குட்டையாக இருந்து மூக்கால் பேசும் சில குழந்தைகளின் முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கவனித்து எழுதினார். 1965இல் பிலடெல்பியாவில் ஆஞ்சலோ டிஜார்ஜ், தைமஸ் சுரப்பியும் கழுத்திலுள்ள சுண்ணாம்புச் சத்துச் சுரப்பிகளும் இல்லாமல் பிறந்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். 1978இல் நியூயார்க்கில் ராபர்ட் ஷ்பிரின்ட்சன், அண்ணப் பிளவு, இதயக் குறை, ஒரு தனி முகச்சாயல், படிப்பில் தடுமாற்றம் ஆகிய நான்கும் சேர்ந்து வரும் குழந்தைகளை விவரித்தார். ஒவ்வொருவரும் வேறு வேறு நோய் என்றே பெயர் வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் குரோமோசோமை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும் சோதனை வந்தபோதுதான் தெரிந்தது, இவர்களில் பெரும்பாலோருக்கு 22ஆவது குரோமோசோமில் ஒரே இடத்தில் ஒரு சிறு துண்டு காணாமல் போயிருக்கிறது. அந்த இடத்தின் பெயர் 22கியூ11.2. பேச்சு மருத்துவர் பேச்சைப் பார்த்தார், சுரப்பி மருத்துவர் சுரப்பியைப் பார்த்தார். முழுக் குழந்தை தெரியவர ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

இந்தக் குழந்தைகளில் பலருக்கு அண்ணம் வெளிப்படையாகப் பிளந்திருக்காது. மேல்தோல் மூடியிருக்கும், உள்ளே தசை மட்டும் பிரிந்திருக்கும். வாயைத் திறந்து டார்ச் அடித்தால் உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். அண்ணத்தின் நடுக்கோடு மெலிந்து நீலம் பாய்ந்திருக்கும். விரலை வைத்துத் தடவினால் கடின அண்ணத்தின் பின் ஓரத்தில் ஒரு பள்ளம் அகப்படும். பிளவு இல்லை என்று எழுதிய குழந்தைக்குப் பால் மூக்கில் வருகிறது என்று தாய் சொன்னால், விரல் வைத்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு இதயக் குறை இருக்கும், அதுவும் கிர்பி காட்டிய அதே பெருங்குழாய்ப் பகுதியில்: ஃபாலோட்டின் நான்கு குறைகள் என்று நாங்கள் சொல்லும் நீலம் பாயும் இதயக் குறை, பிரியாத ஒற்றைக் குழாய், வளைவில் அறுபட்டு நிற்கும் மகாதமனி. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து வலிப்பு வரலாம். பிறந்த சில நாளில் வலிப்பு வந்த பிளவுக் குழந்தைக்குக் கால்சியம் அளவைப் பார்க்க வேண்டும். தைமஸ் சிறுத்திருந்தால் நோய் எதிர்ப்பு குறையும். இதய அறுவையின்போது ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் கதிரூட்டிய ரத்தம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். தடுப்பூசிகளில் உயிருள்ள கிருமி கொண்ட சிலவற்றை மட்டும் ரத்தச் சோதனை பார்த்து முடிவு செய்வோம். பெரும்பாலான குழந்தைகள் எல்லாமே போட்டுக்கொள்ளலாம், ஆகவே வீட்டில் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிறகு பள்ளி வயதில் மூக்கால் வரும் பேச்சைச் சரிசெய்யத் தொண்டையில் அறுவை செய்யும்போது, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சிலருக்கு வழக்கமான இடத்தை விட்டு நடுவில் நகர்ந்து, கத்தி வைக்கும் இடத்துக்கு நேர் பின்னே துடித்துக்கொண்டிருக்கும். முன்பே ஸ்கேன் எடுக்காதவருக்கு அது தெரிய வழியில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாடை சிறுத்து உள்ளே போயிருக்கிற குழந்தையைப் பார்த்திருப்பீர்கள், பியர் ரோபின் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1923இல் விவரித்தது. மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு பின்னே விழுந்து மூச்சை அடைக்கும். இந்தக் குழந்தைகளை ஆம்புலன்ஸில் மல்லாக்கப் போட்டு அனுப்பாதீர்கள், கண்காணிப்போடு குப்புறவோ ஒருக்களித்தோ வைத்து அனுப்புங்கள். இவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்டிக்லர் குறை இருக்கும். கடும் கிட்டப்பார்வையும் விழித்திரை கழன்று பார்வை போகும் ஆபத்தும் அதில் உண்டு. அண்ணத்துக்காக வந்த குழந்தையைக் கண் மருத்துவரிடம் அனுப்பினால் பார்வையைக் காப்பாற்றலாம். கீழுதட்டில் இரண்டு சிறு குழிகள் இருந்தால் அது பரம்பரையாக வரும் வான் டெர் வூடே குறை, பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்பாவின் உதட்டையும் பாருங்கள், அவருக்கே தெரியாமல் குழி மட்டும் இருக்கும். காது எல்லாருக்கும் பொது. அண்ணம் பிளந்த அனேகமாக எல்லாக் குழந்தைக்கும் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். காதுக் குழாயைத் திறக்கும் தசை அண்ணத்தோடு சேர்ந்தது. பேச்சு வரவில்லை என்று அண்ணத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால், கேட்கவே கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்?

அறுவைக்கு வருவோம். உதட்டைப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தை ஒரு வயதை ஒட்டியும் தைக்கிறோம். பத்து வாரம், பத்து பவுண்டு எடை, பத்து கிராம் ஹீமோகுளோபின் என்ற பழைய கணக்கை இன்றும் பலர் வைத்திருக்கிறார்கள். இதயக் குறை பெரிதாக இருந்தால் இதயம்தான் முதலில். உதடு காத்திருந்தால் எதுவும் கெடாது. பெரிய ஓட்டை காத்திருந்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து, பிறகு மூடவே முடியாத நிலை வரும். ஊர் வாய்க்குப் பயந்து 'முதல்ல உதட்டைத் தெச்சிருங்க' என்று கெஞ்சும் பெற்றோரின் வேதனை எனக்குப் புரிகிறது. அப்போதும் நான் இணங்குவதில்லை.

நீலம் பாயும் இதயக் குறை உள்ள குழந்தைக்கு மயக்கம் கொடுப்பவர் என்னென்ன பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். சாதாரணக் குழந்தைக்கு ஊசிக் குழாயில் வரும் ஒரு சிறு காற்றுக்குமிழி நுரையீரலில் சிக்கிக் கரைந்துவிடும். இந்தக் குழந்தைக்கு அது ஓட்டை வழியாக இடப்பக்கம் கடந்து நேராக மூளைக்குப் போகலாம். ஆகவே குழாயை விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு குமிழியாக வெளியேற்றுவார்கள். காலையிலிருந்து பட்டினி போட்டு மதியம் வரை காக்க வைத்தால் ஏற்கெனவே கெட்டியாக இருக்கும் ரத்தம் இன்னும் கெட்டியாகும். பட்டியலில் முதல் பெயர் இந்தக் குழந்தையுடையதாக இருக்க வேண்டும். ஃபாலோட் குழந்தை அழுது அழுது திடீரென்று கருநீலமாகித் துவண்டால், முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். இப்படிப் பிடிப்பதை அம்மாக்கள் பழகி வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்து செய்தால் அறுவை பாதுகாப்பாக நடக்கிறது. மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் இதயக் குறை தெரியவந்தது என்ற நிலை எந்த இடத்திலும் வரக் கூடாது.

2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை பல வகைக் குறைகளைத் தேடுகிறோம். அதில் பிறவிக் குறைகள் ஒன்பது. உதட்டு, அண்ணப் பிளவு அதில் உண்டு, பிறவி இதயக் குறையும் உண்டு. படிவத்தில் இரண்டும் தனித்தனிக் கட்டம். ஒரு கட்டத்தில் டிக் போட்டவுடன் குழந்தை அந்தத் துறைக்குப் போகிறது, கோப்பும் அங்கேயே போகிறது. செவிலியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பிளவுக் கட்டத்தில் டிக் போட்ட குழந்தையைப் பல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ மட்டும் அனுப்பாமல், மாவட்ட இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவரிடம் முதலில் நிறுத்துங்கள். சீட்டில் எடையை எழுதுங்கள், போன மாத எடையையும் எழுதுங்கள். பால் குடிக்கும் நேரம், வியர்வை, மூச்சு எண்ணிக்கை, மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். எக்கோ அறிக்கையின் நகல் ஒன்று அம்மாவின் கையில் இருக்கட்டும். முகாமில் அறுவை செய்பவர் அதைக் கேட்காவிட்டாலும் அம்மா எடுத்துக் காட்டட்டும். இதயக் குறை உள்ள பிள்ளைக்குப் பல் சொத்தை சின்ன விஷயம் இல்லை, அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் குடியேறலாம். பல் பிடுங்கப் போகும்போதும் அதே அறிக்கையைக் கொண்டுபோகட்டும்.

கடைசியாக, அடுத்த பிள்ளை பற்றிப் பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி. வேறு குறை எதுவும் இல்லாத பிளவு என்றால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து. நூறில் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்காவது வராது என்று அதையே திருப்பிச் சொல்லுங்கள். 22கியூ குறை பெரும்பாலும் அந்தக் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. ஆனால் பத்தில் ஒருவருக்குத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்திருக்கும், ஆகவே பெற்றோருக்கும் சோதனை வேண்டும். அந்தக் குறையோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவர்கள் கருவுற்றால் 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்தை எக்கோவில் பார்க்கலாம். குறை தெரிந்தால், பிறந்த உடனே சிகிச்சை தொடங்க வசதியுள்ள ஊரில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு அந்தப் பெண் முதல் ஸ்கேனுக்கு வரும்போதே, 'எனக்குச் சின்ன வயதில் அண்ணம் தைத்திருக்கிறது, இதயத்திலும் அறுவை நடந்திருக்கிறது' என்று செவிலியரிடம் சொல்ல வேண்டும். அவள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.